எலிசபெத்தில் வில்சனைப் பார்க்கப் போன கதை

2001 மே மாதம் நான் நியூ ஜெர்சியில் என் மகன் பிரபு வீட்டில் இருந்தேன். முப்பது வருடம் நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் மகனும் மருமகளும் காட்டிவிட்டார்கள். அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது யாரும் சுற்றுலா போகாத எலிசபெத் என்ற ஊரைப் பற்றி. ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் அங்கே போனேன்.

அந்தச் சொல் ‘பெஞ்ச்’. எனக்குத் தெரிந்த பெஞ்ச் வகுப்பறையில் இருப்பது. வந்த இரண்டாவது வாரம் மருமகள் சுதா வேறொரு பெஞ்சைப் பற்றிச் சொன்னாள்.

“இவரோட ப்ராஜெக்ட் முடியப்போகுது அத்தே. புதுசு கிடைக்கலன்னா சாஃப்ட்வேர் கம்பெனில வேலை குடுக்காம சும்மா பெஞ்ச்ல போட்டுடுவாங்க. பெஞ்ச்ல ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டாங்க. வேலை போச்சுன்னா விசாவும் போச்சு. பேக் பண்ணிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். நான் சொன்னேன்னு அவர்கிட்ட கேட்டுடாதீங்க, ப்ளீஸ்.”

பிளெய்ன்ஸ்பரோவில் அவர்கள் இருந்த குடியிருப்பில் அந்த வசந்த காலம் முழுக்க இதே பேச்சுதான். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதுபோல ‘ப்ராஜெக்ட் இருக்கா’ என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரபு சமையலறையில் நின்று நண்பனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“வில்சன் ஞாயித்துக்கிழம சொல்லுகேன்னாரு. ஸ்ட்ரைக்கரா எடுப்பாரா, பெஞ்ச்ல போட்டுருவாரான்னு தெரியலடே. மேனேஜர் அவருல்லா, அவரு வச்சதுதான் சட்டம். எலிசபெத் போய்ப் பாத்தாத்தான் தெரியும்.”

கீரையைக் கீழே வைத்தேன். பெஞ்ச், மேனேஜர் இரண்டும் புரிந்தன. வில்சனும் புரிந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் தெருவுக்கு ஒரு வில்சன் உண்டு. எலிசபெத் என்றதும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர்தான் ஞாபகத்துக்கு வந்தார். வில்சனின் மனைவி பெயர் எலிசபெத்தாக இருக்கலாம் என்று முடிவு செய்துகொண்டேன். ஸ்ட்ரைக்கர்தான் இடித்தது. கேரம் போர்டில் காயை அடிக்கிற வட்டு ஸ்ட்ரைக்கர். அதை விட்டால் ஸ்ட்ரைக் செய்கிறவர் ஸ்ட்ரைக்கர். அமெரிக்காவுக்கு வந்து இவன் ஸ்ட்ரைக்கில் இறங்கப்போகிறானா?

சுதாவிடம் வில்சன் யார் என்று நைசாகக் கேட்டேன். “அவர் மேனேஜர் அத்தே. முன்னாடி பெரிய ஸ்ட்ரைக்கராம். இவருக்கு அவர்னா உயிர்” என்றாள்.

சரிதான் என்று நினைத்தேன். எங்கள் ஆசிரியர் சங்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். வேலைநிறுத்தத்தில் முதல் வரிசையில் நின்று கோஷம் போட்டவர் பிற்பாடு அதிகாரியாகி எங்களுக்கே மெமோ கொடுத்தார். வில்சனும் அந்த மாதிரிதான். எப்படி இருந்தாலும் நம் ஊர்க்காரர், நேரில் போய்க் கேட்டால் மனது இறங்குவார். ஊரிலிருந்து மகனுக்காகக் கொண்டுவந்த முந்திரிக்கொத்தில், பயறும் வெல்லமும் உருட்டிப் பொரிக்கிற எங்கள் ஊர் இனிப்பில், மீதி இருந்ததை ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினேன். நானும் வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றேன்.

“எம்மா, நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க? வெயில்ல இருக்கணும்.”

“இருக்கேன். நீ என்ன மக்களே, மேனேஜரப் பாக்கதுக்கு டவுசர் போட்டுட்டு நிக்க?”

“அவரும் டவுசர்லதாம்மா இருப்பாரு” என்று சிரித்தான். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் ஒரே கார். அன்று அது சுதாவுக்கு வேண்டும். அவள் எங்களை பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள், பத்து நிமிடம். நியூயார்க் பக்கம் போகிற ரயிலில் ஏற வேண்டும். ஞாயிறன்று மணிக்கு ஒரு வண்டிதான், தவறவிட்டால் நடைமேடையில் காய வேண்டியதுதான். டிக்கெட்டை வெளியே இருக்கும் இயந்திரத்தில் எடுத்துவிடுங்கள், வண்டிக்குள் வாங்கினால் கூடுதலாகக் கேட்பார்கள். போக வர ஆளுக்குப் பத்து டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்த ஞாபகம். இப்போது கட்டாயம் கூடியிருக்கும்.

சுமார் முப்பத்து மூன்று மைல், ஐம்பது நிமிடப் பயணம். ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரங்களும் கிடங்குகளின் பின்பக்கங்களும் ஓடின. நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வில்சனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். “எலிசபெத் வந்தாச்சு, இறங்குங்க” என்றான் பிரபு. தலைக்கு மேல் பலகையில் அந்தப் பெயர் எழுதியிருந்தது. ஆக, எலிசபெத் ஒரு ஊர். என் ஒத்திகையில் ஒரு பாத்திரத்தை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்தோம். கடைப் பலகைகள் எல்லாம் ஸ்பானிஷில் இருந்தன. ரொட்டி சுடும் வாசனையும் கரியில் இறைச்சி வாட்டும் வாசனையும் தெரு முழுக்க. அலுவலகம் எதுவும் கண்ணில் படவில்லை. கடைசியில் கம்பிவேலி போட்ட ஒரு மைதானத்துக்குள் பிரபு நுழைந்தான். “அந்தா நிக்காரு வில்சன். பேசிட்டிருங்க, நான் ஷூ மாத்திட்டு வாறேன்” என்று போய்விட்டான்.

வில்சனுக்கு ஐம்பது வயதிருக்கும். கறுத்த முகம், தடித்த மீசை, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். டவுசர்தான் போட்டிருந்தார். மார்த்தாண்டம் சந்தையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிறிய சுரைக்குடுவையில் இரும்புக் குழாய் போட்டு ஏதோ கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு? நாகர்கோவிலா, மார்த்தாண்டமா?” என்றேன்.

“கே?” என்றார்.

காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கேட்டேன். அவரும் இன்னும் சத்தமாக “கே?” என்றார். டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது இறைச்சி உருண்டையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். முந்திரிக்கொத்தை இறைச்சி உருண்டை என்கிறவர் எங்கள் ஜில்லாக்காரராக இருக்க முடியாது. ஆனாலும் வந்த காரியத்தை விட முடியுமா? வகுப்பில் பேசுவதுபோல ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“ஐயா, நான் பிரபுவின் அம்மா. தயவு செய்து என் மகனை பெஞ்ச்சில் போடாதீர்கள். அவனுக்கு மனைவி இருக்கிறாள். விசா இருக்கிறது.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவருடைய உடைந்த ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன்: “எல்லா அம்மாவும் இதைத்தான் கேட்கிறார்கள். மாண்டிவிடியோவில் என் அம்மாவும் என் மேனேஜரிடம் கேட்டாள். ஆனால் விசாவை இழுத்தது நீங்கள் ஒருவர்தான்.”

மாண்டிவிடியோ! உருகுவே, தலைநகர் மாண்டிவிடியோ, கால்நடை, கம்பளி. ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஊர். அங்கிருந்து வந்த ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன், அவரையும் மார்த்தாண்டம் என்று நினைத்து. அவர் கேட்ட ‘கே’வுக்கு ஸ்பானிஷில் ‘என்ன’ என்று அர்த்தமாம். அதற்குள் பிரபு பத்தாம் எண் போட்ட பனியனோடு வந்தான். விஷயம் தெரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எம்மா! ஸ்ட்ரைக்கர்னா ஃபுட்பால்ல முன்னால நின்னு கோல் போடுகவன். மேனேஜர்னா டீமுக்குக் கோச்சு. இவரு அங்க பெரிய ஆட்டக்காரரு. எங்க டீம நடத்துகாரு. என்னம்மா நீங்க!”

ஆட்டம் தொடங்கும்வரை வில்சன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் கதையைச் சொன்னார். கஷாயத்தையும் கொடுத்தார், அவர்கள் ஊர்த் தேநீராம், வேப்பிலைச் சாறு மாதிரி இருந்தது. பதினெட்டு வயதில் முதல் பிரிவு கிளப்பில் ஸ்ட்ரைக்கர். வயது முப்பதைத் தொடுவதற்குள் முழங்கால் போய்விட்டது. பிறகு மேனேஜர். ஒரு கிளப்பைத் தூக்கி நிறுத்துவாராம், அடுத்த வருடம் நான்கு ஆட்டம் தோற்றால் அனுப்பிவிடுவார்களாம். இப்படி ஐந்து கிளப். கடைசியில் எலிசபெத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்த அண்ணனிடம் வந்துவிட்டார். வார நாட்களில் ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை இந்த டீம். ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் உருகுவேக்காரர்கள். குளச்சல் கடற்கரையில் பந்து உதைத்து வளர்ந்தவன் என் மகன் ஒருவன்தான்.

“வேலை போன காலத்தில் நீங்களும் பெஞ்ச்சில் உட்கார்ந்தீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லை அம்மா. வேலை போனால் வீடுதான். பெஞ்ச் வேறு. பெஞ்ச்சில் இருப்பவன் பனியனைக் கழற்றவில்லை. ஷூ லேஸ் கட்டியிருக்கிறது. எந்த நிமிடமும் நான் கூப்பிடுவேன்.”

சொல்லிவிட்டு எழுந்து போய் என் மகனை பெஞ்ச்சில் உட்காரவைத்தார்.

நான் கெஞ்சியதற்கு இதுதான் பலன். இதைவிடக் குழப்பம் பிறகுதான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரபுவை இறக்கினார். அவன் காற்றாய் ஓடிப் பந்தை வலைக்குள் அடித்தான். நான் எழுந்து கைதட்டினேன். என்னைத் தவிர யாரும் தட்டவில்லை. ஆஃப்சைடாம், பந்து வருவதற்கு முன்பே எதிராளிகளைத் தாண்டி நின்றுவிட்டானாம். பந்து வலைக்குள் கிடக்கிறது, கோல் இல்லை என்கிறார்கள். விடை சரி, ஆனால் மணி அடிப்பதற்கு முன்பே எழுதிவிட்டாய், அதனால் பூஜ்யம் என்று சொன்னால் ஒரு பிள்ளை சும்மா இருக்குமா? ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. யாரும் ஜெயிக்கவில்லை, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் மெட்ரோபார்க் ஸ்டேஷனில் இறங்கி, டாக்ஸியில் இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் மசால்தோசை சாப்பிட்டோம். தோசை வந்ததும் பிரபு சட்னியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ப்ராஜெக்ட் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிட்டும்மா. நாளைலருந்து ஆபீஸ்லயும் பெஞ்ச்தான். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.”

வாயில் வந்ததைக் கேட்டேன். “ஷூ லேஸ் கட்டியிருக்கா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “கட்டியிருக்கும்மா” என்றான். பிறகுதான் தோசையைப் பிய்த்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் கிளம்பிவிடுங்கள், ஆட்டம் மதியம்தான் என்றாலும் தெருக்களைப் பார்க்க நேரம் வேண்டும். மைதானத்தில் நிழல் இல்லை, குடை நல்லது. பட்டுச்சேலை வேண்டாம். கஷாயம் கொடுத்தால் மறுக்காதீர்கள், உள்ளே நிற்கும் குழாயை மட்டும் அசைக்காதீர்கள், கோபம் வரும். வில்சன் இப்போது அங்கே இருக்கிறாரா என்று தெரியாது. ரொட்டிக்கடையில் விசாரித்தால் சொல்வார்கள்.

பிரபு அந்தக் கோடை முழுவதும் இரண்டு பெஞ்ச்சிலும் உட்கார்ந்தான். நான் ஊர் திரும்ப வேண்டிய வாரத்தில் டெக்சாஸிலிருந்து அழைப்பு வந்தது. ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டில் வீடு பார்த்துக் குடிபோனார்கள், இன்றும் அங்கேதான். நான் எந்த பெஞ்ச்சுக்காகக் கெஞ்சினேன் என்று வில்சனுக்குப் புரிந்ததா, புரிந்துதான் அந்த ஷூ லேஸ் பதிலைச் சொன்னாரா? நான் கேட்கவில்லை, பிரபுவும் கேட்டதில்லை.

இன்னொன்றும் தீராமல் இருக்கிறது. அன்று டப்பாவை மைதானத்திலேயே மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பிரபு அதைக் கொண்டுவந்தான். எங்கள் ஊரில் பலகாரம் வந்த பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். டப்பா கனமாக இருந்தது. திறந்தேன். பால்கோவா மாதிரி ஒன்றை நடுவே தடவிய பிஸ்கட்டுகள், நான் முந்திரிக்கொத்தை அடுக்கியிருந்ததுபோலவே வட்டமாக அடுக்கியிருந்தன.

“நல்லா விசாரிச்சியா மக்களே?” என்று கேட்டேன். “அவரு மார்த்தாண்டம் இல்லதானே?”