எங்கள் வீட்டு இரண்டாவது சிலிண்டர்

உலகத்தில் எங்கே என்ன கெட்டது நடந்தாலும் அதற்குக் காரணம் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். அப்பாவின் அண்ணன். கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை. தொழிற்சங்கக்காரர், கலியாணம் கட்டாதவர், வத்தேகமயில் எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்தவர். தேங்காய் விலை ஏறினால் பணக்கார நாடுகளைத் திட்டுவார். பஸ் வராவிட்டால் தனியார் முதலாளிகளைத் திட்டுவார். ஒருமுறை எனக்குத் தடிமன் பிடித்தபோது மருந்துக் கம்பெனிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் தடிமன் சுகமாகிவிட்டது.

நாட்டில் சமையல் கேஸ் கிடைக்காமல் போன அந்த வருடம் அவருக்குப் பேச நிறைய இருந்தது. எங்களுக்குப் பயப்பட நிறைய இருந்தது. பெற்றோல் கிடைக்காமல் அப்பாவின் ஆட்டோ வாசலில் நின்றது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அம்மா நடத்திய இடியப்பக் கடைதான் எல்லோருக்கும் சோறு போட்டது. விறகு எரித்தால் சுவர் கறுத்துவிடும் என்று கடைச் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பூட்டிக் கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். ஆகவே கேஸ் முடிந்தால் கடையும் முடிந்தது. அம்மா தினமும் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பார்.

அந்த நாட்களில் கேஸ் கடை வாசலில் ஆட்களுக்கு முன்பே சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. முதல் நாளே வெறும் சிலிண்டரைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். எல்லாவற்றின் கைப்பிடியிலும் சங்கிலியைக் கோத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். லொறி வருகிற காலையில் அவரவர் சிலிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும். எங்கள் சிலிண்டர் முன்பக்கம் இருந்தது; அதற்கு அப்பா. நன்றாகப் பின்தள்ளி, வேறு வீட்டுடையது போல இன்னொன்று, அதற்கு நான்.

"யாராச்சும் கேட்டா டீச்சர் வீட்டுதுன்னு சொல்லு," என்று அம்மா சொல்லியனுப்பினார். எந்த டீச்சர் என்று கேட்கும்படியாக அவர் முகம் இல்லை.

பெரியப்பா வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அத்தனை பேர் நகர வழியில்லாமல் ஓரிடத்தில் நிற்கும்போது அவரால் எப்படி வீட்டில் இருக்க முடியும்? டொலர் எங்கே போனது, கடன் கொடுத்தவன் ஏன் சிரிக்கிறான் என்று தமிழில் கொஞ்சமும் சிங்களத்தில் கொஞ்சமுமாக வரிசை நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். நான் சிலிண்டருக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

வருகிற லொறியில் பாதிப் பேருக்குக்கூடக் காணாது என்று கேஸ் கடைப் பையன் வந்து சொன்னதும் வரிசை கொதித்தது. தள்ளுமுள்ளு தொடங்கியது. பெரியப்பா ஒரு கல்லின் மேல் ஏறினார்.

"ஒரு வீட்டுக்கு ஒண்ணு. ரெண்டு வச்சிருக்கிறவங்க ஒண்ண எடுத்துருங்க. அப்பதான் பின்னால நிக்கிறவங்களுக்கும் கெடைக்கும்."

அதையே சிங்களத்திலும் சொன்னார். சம்மதம் என்று கைகள் உயர்ந்தன. முன்னால் நின்ற அப்பாவின் கையும் மெதுவாக உயர்ந்தது. வேறென்ன செய்வார், பாவம்.

பிறகு பெரியப்பா ஒவ்வொரு சிலிண்டராக விசாரித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இது யாருது?"

டீச்சர் வீட்டுது என்று அவரிடமே எப்படிச் சொல்வது? அவரும் காத்திருக்கவில்லை. திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "இது எங்க வீட்டுது. முன்னாலயும் ஒண்ணு இருக்கு," என்றார். சங்கிலியைத் திறக்கச் சொல்லி, சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். யாரும் கைதட்டவில்லை. யாரோ சிரித்தார்கள். அவரைப் பார்த்து வேறு யாராவது தங்கள் இரண்டாவது சிலிண்டரை எடுத்ததாகவும் எனக்கு ஞாபகமில்லை.

அன்று கிடைத்த ஒன்று, அடுத்த லொறி வருவதற்கு வெகு முன்பே தீர்ந்துபோனது. கடைச் சொந்தக்காரர் சொன்னபடியே செய்தார். இப்போது அந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள்.

இப்படித்தான் ஆகும் என்று அம்மாவுக்கு அன்று மாலையே தெரிந்திருந்தது. "நாளைக்கே ஒங்க அண்ணன வேற எடம் பாக்கச் சொல்லுங்க," என்றார் அப்பாவிடம். "ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறவருக்கு நம்ம வீட்டு அடுப்பு கண்ணுக்குத் தெரியலயா?" சொல்லிவிட்டு அழுதார். அம்மா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெரியப்பாவும் போய், கடையும் போய், இனி என்ன ஆகுமோ என்று நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல ஒரு அக்கா இருந்திச்சு," என்றார் அப்பா.

தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து அறையில் இருந்த காலமாம். நாட்டில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. தோட்டத்தில் கோதுமை மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெரியப்பாவைப் பையோடு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு அப்போது என் வயது. முன்னால் நின்ற சிலர், இல்லாத வீடுகளுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்களாம். அவர் முறை வந்தபோது மா முடிந்துவிட்டது. வெறும் பையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் அந்தத் தங்கை ஏற்கெனவே எழும்பத் தெம்பில்லாமல் கிடந்ததாம்.

"மறுபடி மா குடுக்கிறதுக்குள்ள அக்கா போயிருச்சு. நான் கைப்பிள்ள. அண்ணன் அதப் பத்தி ஒரு நாளும் வாய் தெறந்ததில்ல. மத்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனம் ஆறியதா என்று எனக்குத் தெரியாது. கடைப் பேச்சு வந்தால் இன்றும் அவர் குரல் மாறும். ஆனால் ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டு, "கொண்டுபோய்க் குடு," என்றார்.

பெரியப்பா முன்னறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்; சாப்பிடவில்லை. அப்பா ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார். அதைக் கேட்டேன்.

"அந்த அத்த பேரு என்னா பெரியப்பா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"அந்த வருசம் ஒலகம் பூரா எண்ணெ வெல ஏறிப்போச்சு. எண்ணெ ஏறினா கப்பல் கூலி ஏறும். கோதும விக்கிற நாடுக என்ன செஞ்சாங்கன்னா..."

கோதுமையிலிருந்து தேயிலைக்கு வந்தார். தேயிலையை வாங்கியவர்கள், விற்றவர்கள், தோட்டங்களை வைத்திருந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. எனக்கோ தூக்கம் வந்தது. நான் கேட்டது ஒரு பெயர். இவர் கப்பல் கப்பலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று அலுப்பாக இருந்தது. கேள்வி அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து எழுந்து வந்துவிட்டேன்.