மூன்று மூக்கு விழுந்த பிளேட்

நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தவள். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. எழுத்து கோணலாக இருக்கும், வருடம் மாறிப்போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். பழைய நினைவுகளைச் சேர்க்கிறவர்கள் வந்து, போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்ததைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அந்த வேலையில் எனக்கு விளங்கியதைவிட விளங்காமல் போனதுதான் அதிகம், அதையும் எழுதலாமா என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினார்கள். சரி என்றுதான் நினைக்கிறேன்.

1. முதல் நாள்

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் அந்த ஸ்டூடியோ இருந்தது. முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். பெண்களின் முந்தானையையும் கையையும் ஆண்பிள்ளை தொட்டுச் சரிசெய்ய முடியாது. அதற்காகத்தான் என்னை வைத்துக்கொண்டார். வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு அல்லது ஐம்பத்தேழு இருக்கும். எனக்குப் பதினேழு வயது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பாதி மலாய், மீதி கைஜாடை.

பெரிய மரக் காமிரா. தவுக்கே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டால் அவர் பேசுவது கேட்காது. ஒரு கை மட்டும் வெளியே வந்து பேசும். முதல் நாள் அந்தக் கை வீசியது. கூப்பிடுகிறார் என்று நினைத்து, படம் எடுக்க நின்ற குடும்பத்தின் பக்கம் போனேன். கை இன்னும் வேகமாக வீசியது. இன்னும் நெருங்கினேன். அவர் துணியை விலக்கி வெளியே வந்தபோது, அந்த வீட்டு அம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். விலகிப் போ என்பதற்குத்தான் அந்த வீச்சாம்.

அந்த வீட்டுக்காரர் மனைவியிடம், "யாரு புள்ள இது, நம்ம பொண்ணா?" என்றார்.

"எனக்குத் தெரியாம நீங்க எப்போ பெத்தீங்க?" என்றார் அந்த அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் படியிறங்கி வீட்டுக்கே ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

2. கேட்கக் கூடாத நேரம்

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம். எது கேட்டாலும் பதில் தலையில்தான் முதலில் வரும். "ரெடியா?" என்றால் தலை ஆடும். ஆடினால் முகம் கலங்கிப்போகும், படம் விழும் கண்ணாடி பிளேட் வீண். தவுக்கே தமிழில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுவைத்திருந்தார்: "தலெ ஆட்டாதே!" அதைச் சொன்னதும், சரி என்று தலையாட்டுவார்கள்.

அதனால் எனக்கு ஒரு சட்டம். அழுத்தினால் ஓரிரு விநாடி படம் பிடிக்கும் ரப்பர் பல்ப் தவுக்கே கையில் இருக்கும்போது யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. அவர் கையையே பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வாயை மூடுவது எனக்குக் கஷ்டமில்லை.

பேசாமல் பார்த்துப் பார்த்து, ஆட்களின் உடம்பைப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெட்கம் என்றால் கழுத்து சாயும், கால் பெருவிரல் தரையைத் தேய்க்கும். நானே அப்படித்தான். பயம் என்றால் தோள் மேலே ஏறும். மனதில்லை என்றால் கட்டைவிரல் கைக்குள் மடங்கிக்கொள்ளும். இந்தக் கடைசியை நானாகவே கண்டுபிடித்தேன். யாரும் சரி என்று சொல்லவில்லை.

3. பூங்காவனம்

ஒரு நாள் மத்தியானம் அப்பா, அம்மாவோடு ஒரு பெண் வந்தாள். பெயர் பூங்காவனம், என் வயதுதான் இருக்கும். இந்தியாவில், சொந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அவர்களுக்கு அனுப்பப் படம் வேண்டும்.

"காலையில எம் மச்சானுக்கு ஊருக்குக் கப்பல். அவரு கையில படம் போயாகணும். இல்லேன்னா வேற பொண்ணப் பேசிருவாங்க," என்றார் அப்பா.

கூரைக் கண்ணாடி வழியாக வரும் வெயிலில்தான் நாங்கள் படம் எடுப்போம். அன்று மேகம் கட்டிக்கொண்டு வந்தது. முதல் பிளேட்டில் அவள் குனிந்துவிட்டாள். இரண்டாவதில் அப்பா "சிரிம்மா" என்றார், தலை ஆடிவிட்டது. தவுக்கே கூரையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்றுதான்.

நான் போய் அவள் கையை மடியில் விரித்துவைத்தேன். கட்டைவிரல் உள்ளே போனது. திரும்ப விரித்தேன். திரும்பவும் போனது. கழுத்து சாயவில்லை, கால் விரல் அசையவில்லை. இது வெட்கம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இந்தப் படம் போனால் இவளும் கப்பல் ஏறிப் போய்விடுவாள்.

விலகி வந்து நின்றேன். தவுக்கே பல்பைப் பிடித்தார். சட்டம் எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டுவிட்டேன்.

"உனக்கு இஷ்டந்தானா?"

வேண்டுமென்று கேட்டேனா, வாய் தவறிக் கேட்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டவள் அவள் முகத்தையாவது பார்த்திருக்கலாம். பழக்கதோஷம், என் கண் தவுக்கேயின் கையில் இருந்தது. கை பல்பை அழுத்தியது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பதில் முடிந்துவிட்டது.

இருட்டறையில் கழுவி எடுத்துவந்த பிளேட்டில், தலை ஆடியதால் பூங்காவனத்துக்கு மூன்று மூக்கு. வெளிச்சமும் போய்விட்டது.

"மூணு மூக்குப் பொண்ண எவன்யா கட்டுவான்?" என்று அப்பா கத்தினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூங்காவனம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு தவுக்கே பிளேட்டை என் முன்னால் வைத்தார். நான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்கும். வேலை போயிற்று என்று நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், மூக்கைச் சொறிந்தார், சோறு சாப்பிடப் போய்விட்டார். கோபமா, சிரிப்பா, வெறும் அரிப்பா? மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். கறுப்புத் துணிக்குள்ளிருந்து அவர் கை பழையபடி வீசியது.

அந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண்ணை முடித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

4. கட்டைவிரல்

இரண்டு வருடமோ மூன்று வருடமோ கழித்து பூங்காவனம் ஜோடிப் படம் எடுக்க வந்தாள். புருஷன் இங்கேயே பஸ் கண்டக்டர். அவர் கீழே தெரிந்தவரோடு பேசிக்கொண்டு நிற்க, இவள் மட்டும் முன்னால் ஏறி வந்து உட்கார்ந்தாள். கையை விரித்துவைத்தேன். கட்டைவிரல் உள்ளே போனது.

"இப்பவுமா?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே விரலைக் காட்டினாள். நகம் இரண்டாகப் பிளந்து கறுத்திருந்தது.

"சின்ன வயசுல தையல் மெஷின் ஊசி ஏறிடுச்சுக்கா. படத்துல தெரியக் கூடாதுன்னு அம்மாதான் மடக்கிக்கச் சொல்லும். அன்னிக்கி நீங்க என்னடான்னா விரிச்சு விரிச்சு விட்டீங்க."

நான் அவள் கையை விட்டுவிட்டுக் கேட்டேன்: "அன்னிக்கி ஒன்னு கேட்டேனே, அதுக்கு என்ன சொன்னே?"

"அதான் தலையாட்டுனேனேக்கா, பாக்கலையா?"

"எப்படி ஆட்டுனே?"

காட்டுவதற்கு அவள் தலை அசைய ஆரம்பித்தது. அதற்குள் புருஷன் படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துணிக்குள்ளிருந்து வந்த தவுக்கே, "தலெ ஆட்டாதே!" என்றார். அவள் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படம் நன்றாக வந்தது. புருஷனுக்கு எதிரில் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வேலைக்குப் போகும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உடம்பைப் பார்த்து எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒருவரிடம் ஒன்று கேட்டால், பதில் வரும்வரை அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

கழித்துப்போட்ட அந்தப் பிளேட்டை நான் எடுத்துவைத்துக்கொண்டேன். தோ பாயோவில் இப்போது இருக்கும் வீட்டில் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பேன். சில நாள் மூன்று மூக்கும் நேர் வரிசையில், இல்லை என்று ஆட்டியதுபோல இருக்கும். சில நாள் தோள் பக்கம் சாய்ந்து, சரி என்றதுபோல இருக்கும். நான் கெடுத்தேனா, காப்பாற்றினேனா?

வருடம், கப்பல், எல்லாவற்றையும் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். பூங்காவனத்தையோ அவள் பிள்ளைகளையோ தெரிந்தவர்கள் இருந்தால், அன்றைக்கு என்ன பதில் சொன்னாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். தலையாட்டினால் விட்டுவிடாதீர்கள். வாயால் சொல்லச் சொல்லுங்கள்.