யாரும் தொடாத ஏழு கற்கள்

போன வருஷம் ஆவணி மாதம், பினாங்குக்கு வடக்கே, செமிலிங்கில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அக்கா மகளுக்குக் கல்யாணம் நடக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் பாக்குப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாப்பிள்ளையின் அம்மா. பெண்டாங்கிலிருந்து தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வருவதாக ஒரு போன்கூடச் செய்யவில்லை.

"வாங்க சம்பந்தி" என்று அக்கா எழுந்தாள். வந்தவர் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெல்வெட் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாங்க குடுத்தது பர்மா கெம்பு. இப்ப இதுல இருக்கிறது என்ன கல்லுன்னு நீங்களே சொல்லுங்க."

பெட்டிக்குள் இருந்தது நிச்சயதார்த்தத்தன்று அவர் எங்கள் பெண்ணுக்குப் போட்டுவிட்ட பதக்கம். நடுவில் ஒரு சிவப்புக் கல், சுற்றி ஆறு, பூப்போல. அவருடைய மாமனார் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில், பினாங்குக்கு வந்த பர்மா வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. ஜப்பான்காரன் காலத்தில் அதைக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார்களாம். கஷ்டம் வந்தபோதெல்லாம் வீட்டில் மற்ற நகைகள் போனதுண்டு; இதை மட்டும் விற்கவே இல்லை. "நல்ல கெம்பு இருட்டுல கனல் மாதிரி தெரியும்னு எங்க மாமனார் சொல்லுவாரு" என்று நிச்சயதார்த்தத்தன்று சபையில் பெருமையாகச் சொன்னார்.

பதக்கத்தைச் சங்கிலியில் கோர்க்கும் வளையம் தேய்ந்து அறுந்துவிடும் நிலையில் இருந்தது. அதனால் அக்கா அதைச் சுங்கை பட்டாணியில் தெரிந்த ஒரு பத்தரிடம் கொடுத்து, புது வளையம் பற்றவைத்து வாங்கினாள். ஒரு மாதம் கழித்து, அதே நிறத்தில் பெண்ணுக்குத் தோடு செய்யலாம் என்று சம்பந்தி பதக்கத்தை வாங்கிப்போனார். அலோர் ஸ்டாரில் ஒரு நகைக் கடைக்காரர் கற்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாராம், "இது மண்ணுல வெளஞ்ச கல்லு இல்லம்மா, செயற்கைக் கல்லு" என்று.

"நான் யாரையும் திருடின்னு சொல்ல வரல" என்றார் சம்பந்தி. "ஆனா அது எங்க கையவிட்டுப் போனது ஒரே ஒரு தடவதான்."

அக்காவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் விதவை. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவி இந்தப் பெண்ணை ஆஸ்பத்திரித் தாதியாகப் படிக்க வைத்தவள். அடுத்தவர் பொருள் என்றால் கீழே கிடக்கும் கொண்டை ஊசியைக்கூட எடுக்கமாட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து எங்கள் பெண் வந்துவிட்டாள்.

"கல்யாணத்த நிப்பாட்டிருங்கம்மா. திருடி மகள்னு பேரு வாங்கிட்டு நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் நான் ஏன் பேசினேன் என்று புரிய, என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷம் வேலை செய்தேன். தொழிற்சாலையைக் கிலாங் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். அரிசிமணி அளவு பாகங்களை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. கீறல், விரிசல், தூசி எல்லாம் பார்க்க வேண்டும். முக்கியமாக, ஏற்கெனவே பொருத்திய பாகத்தை யாராவது கழற்றி மறுபடி பொருத்தியிருந்தால் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அங்கே 'ரீவொர்க்' என்று பெயர். எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் ஒரு தடயம் இருக்கும். அதைப் பிடிப்பதில் என்னைவிட்டால் ஆள் இல்லை என்று என் லைனில் சொல்லுவார்கள்.

பிறகு அதையெல்லாம் பார்க்க இயந்திரம் வந்தது. கேக் வெட்டி, கைகுலுக்கி எங்களை அனுப்பிவைத்தார்கள். அதற்கப்புறம் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால், சும்மாதான் வீட்டில் இருக்கிறேன் என்பேன். நாற்பத்தெட்டு வயதில், எந்த வேலைக்கும் உதவாத கண் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

பதக்கத்தை நான் கையில் எடுத்தேன்.

"சம்பந்தி, இது நல்ல கல்லா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா இதக் கழட்டி வேற கல்லு வச்சிருக்காங்களான்னு என்னால சொல்ல முடியும். எனக்கு ஒரு மைக்ராஸ்கோப் மட்டும் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அவங்க தங்கச்சிதானே. வேற எப்படிச் சொல்லுவீங்க?"

"நான் சொல்ல வேணாம். நீங்களே பாத்துக்கலாம்."

கிளம்புவதற்கு முன் அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். "மாத்தியிருந்தா?" என்று கேட்டாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பத்தர் நல்லவர் என்று நம்பினோமே தவிர, அவர் பட்டறையில் யார் கை பட்டதோ யாருக்குத் தெரியும்?

"மாத்தியிருந்தா அதையும் சொல்லுவேன்க்கா."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சொல்லு. கொண்டுபோய்க் குடுத்தது நாந்தானே. நானே பதில் சொல்லிக்கிறேன்" என்றாள்.

பீடோங்கில் ஒரு போன் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. என் போன் கெட்டு ரோசாக் ஆனபோது அங்கே கொடுத்திருந்தேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம் அண்ணன். மைக்ராஸ்கோப்பில் தெரிவதை ஒரு டிவி திரையில் போட்டுப் பார்ப்பார். அது நினைவிருந்ததால் நான்கு பேரும் சம்பந்தியின் காரிலேயே போனோம். பெண் முதலில் வரமாட்டேன் என்றாள். கடைசி நிமிஷத்தில் வந்து ஏறிக்கொண்டாள்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். "அண்ணே, ஒரு நகைய உங்க மைக்ராஸ்கோப்புல பாக்கணும். கொஞ்சம் அவசரம்" என்றேன். அவர் எங்கள் நான்கு பேர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். "தம்பிங்களா, ஒரு தே குடிச்சிட்டு வாங்கலா" என்று அவர்களை அனுப்பினார். இரும்புக் கதவைப் பாதி இறக்கினார். "நீங்க நிதானமாப் பாருங்கம்மா. நான் வெளிய நிக்கிறேன்" என்று தானும் வெளியே போய்விட்டார். அதிகப் பழக்கமில்லாத அந்த மனிதர் அன்று எங்கள் மானத்துக்குக் கொடுத்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

பதக்கத்தை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். கண்ணை வைத்து, கையால் திருகைத் திருப்பிக் காட்சியைத் தெளிவாக்கினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வெளிச்ச வட்டத்தைப் பார்க்கிறேன். சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது.

முதலில் புது வளையத்தைத் திரையில் காட்டினேன். "இது போன மாசம் கை பட்ட இடம். பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு. அரம் போட்ட கோடு புதுசாத் தெரியுது. பத்தவச்ச இடத்துல மினுமினுன்னு ஒரு சொட்டு. கை பட்டா இப்படித்தான் இருக்கும்."

பிறகு கற்களுக்கு வந்தேன். ஒவ்வொரு கல்லையும் நான்கு சின்னத் தங்கப் பற்கள் பிடித்திருந்தன. ஏழு கல்லுக்கு இருபத்தெட்டுப் பற்கள். கல்லை எடுக்க வேண்டுமென்றால் அவற்றைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் தேய்ந்து, கரைந்த சோப்புக் கட்டி போல வழவழவென்று கல்லோடு படிந்திருந்தன. பல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கறுப்பாகக் கெட்டிப்பட்ட அழுக்கு. எத்தனையோ வருஷத்துச் சந்தனம், எண்ணெய், முகப்பவுடர் எல்லாம் சேர்ந்து இறுகிப்போனது. அந்த அழுக்கு எங்கேயும் உடையவில்லை.

ஐந்தாவது கல்லில் நிறுத்தினேன். ஒரு பல்லின்மேல் குறுக்கே ஒரு கீறல் இருந்தது. திரையில் எல்லோருக்கும் அது தெரிந்தது. சம்பந்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அக்கா என் தோளைப் பிடித்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. "இங்க ஒரு கீறல் இருக்கு" என்று வாய்விட்டே சொன்னேன். இன்னும் பெரிதாக்கினேன். கீறலின் பள்ளத்துக்குள்ளும் அதே கறுப்பு இறுகிக் கிடந்தது. ஓரங்களும் மழுங்கியிருந்தன. புதுக் கீறல் என்றால் உள்ளே மினுங்கும். இது பல வருஷத்துக் காயம்.

மீதி இரண்டு கற்களையும் பார்த்து முடித்துவிட்டு எழுந்தேன். "இந்தக் கல்லுங்கள யாரும் தொடல சம்பந்தி. நீங்களே உக்காந்து பாருங்க."

அவர் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், மறுபடி வளையத்துக்குப் போனார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் போயிருந்தது. அதைவிடக் கஷ்டமான ஒன்று வந்திருந்தது.

"அப்படின்னா இது எப்பவுமே இந்தக் கல்லுதானா? எங்க மாமனார் சொன்னதெல்லாம் பொய்யா?"

ஜெயித்துவிட்டோம் என்று துள்ள எனக்கு மனம் வரவில்லை. கல்லுக்குள்ளே ஏதோ மெல்லிய வளைந்த கோடுகளைப் பார்த்திருந்தேன். அவை என்னவென்று எனக்குத் தெரியாது. "தெரிஞ்சவங்ககிட்ட கேப்போம். நானும் கூட வரேன்" என்றேன்.

மறுநாள் சம்பந்தியும் நானும் மட்டும் பினாங்குக்குப் போனோம். கற்களைச் சோதித்துச் சொல்லும் ஒரு சீனப் பெண்மணி, பார்த்துவிட்டு மலாயில் பொறுமையாக விளக்கினார். நூறு வருஷத்துக்கும் முன்பே பிரான்சில் ஒருவர், பொடியைத் தீச்சுவாலையில் உருக்கி, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மாணிக்கம் வளர்க்கக் கண்டுபிடித்தாராம். அப்படி வளர்வதால்தான் இசைத்தட்டில் இருப்பது போல உள்ளே வளைந்த கோடுகள். அந்தக் கற்கள் கப்பலேறி நம் பக்கமும் வந்தன. பர்மா, சயாம், இலங்கைக் கற்களோடு கலந்து கை மாறின. விற்ற பலருக்கே தாங்கள் விற்பது எது என்று தெரியாதாம். பர்மா கல் என்று பாதுகாத்து வைத்த எத்தனையோ வீட்டு நகைகளில் இதைத்தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். "ஆனா இது கண்ணாடி இல்ல. பொருள் அதே மாணிக்கம்தான். மண்ணுக்குப் பதிலா நெருப்புல பொறந்தது" என்றார்.

பிறகு, "ஒண்ணு காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு அறை விளக்கை அணைத்தார். ஊதா நிறத்தில் ஒரு சின்ன விளக்கைப் பதக்கத்தின்மேல் பிடித்தார். ஏழு கற்களும் அடுப்புக் கனல் மாதிரி எரிந்தன.

இருட்டில் சம்பந்தியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. "அவரு சொன்னது பொய்யில்ல" என்றார். அவர் அழுகிறார் என்று குரலில் தெரிந்தது.

திரும்பும்போது என்னைச் செமிலிங்கில் இறக்கிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவரும் இறங்கினார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்று, "நான் பேசினது பேசினதுதான். அதத் திருப்பி எடுக்க முடியாது. போன்ல சொன்னா பத்தாதுன்னுதான் நேர்ல வந்தேன். மன்னிச்சிருங்க" என்றார். அக்கா அவரை உட்கார வைத்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

ஆனால் எங்கள் பெண் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவரவில்லை. "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாளைக்கு உங்க வீட்ல ஒரு கரண்டி காணாமப் போனாலும் என்னத்தான் மொதல்ல பாப்பீங்களா?"

சம்பந்தி அவள் பக்கம் திரும்பினார். "மாட்டேன். அப்படிப் பாத்தா உடனே உன் சின்னம்மாவுக்குப் போன் போடு."

முதலில் சிரித்தது அக்காதான்.

வேறு பதக்கம் வாங்கித் தருகிறேன் என்று சம்பந்தி எவ்வளவோ சொன்னார். பெண் கேட்கவில்லை. அதே பதக்கம்தான் வேண்டும் என்று கோயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சம்பந்தி மறைப்பார் என்று நினைத்தோம். அவரோ வந்தவர்களிடமெல்லாம், "இது பிரெஞ்சுக்காரன் நெருப்புல வளத்த கல்லு" என்று முழுக் கதையையும் சொன்னார். தான் தப்பாகப் பேசியதையும் விடவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடிவந்து, கையைப் பிடித்துத் தன் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்தினார். "இவங்கதான். இருபத்து மூணு வருஷ அனுபவம்" என்றார். தொழிற்சாலையில்கூட யாரும் என்னை அப்படி அறிமுகப்படுத்தியதில்லை. பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்ற என் அக்கா, பரிசு வாங்கிய பிள்ளையைப் பெற்றவள் போல நிமிர்ந்து நின்றாள்.

கல்யாணம் முடிந்த வாரம் பீடோங் கடைக்காரர் போன் செய்தார். பாதிக் கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே நான் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. "எனக்குக் கண்ணு மங்கிட்டே வருதும்மா. வந்து வேல பாக்கிறீங்களா?" என்று கேட்டார். இப்போது வாரத்தில் நான்கு நாள் அந்த மைக்ராஸ்கோப்பின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமும் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு வந்ததாக நினைத்த இந்தக் கண்கள் எனக்குச் சொந்தமானவை என்பதை, என் அக்காவின் பெயரைக் காப்பாற்றிய அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.