கிளெனிஸ் சேர்ந்து சிரித்த சனிக்கிழமைகள்

போர்ட் அடிலெய்டில் பாஸ்கோ வீட்டுப் பெண் கிளெனிஸுக்குச் சின்ன வயதில் ஒரு நம்பிக்கை இருந்தது. காது கேட்கிறவர்களின் கண்ணுக்கு, பேசுகிற ஆளின் வாயருகே எழுத்து மிதந்து வருவது தெரியும், தன் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் அப்பா சம்பளம் வாங்கிய அன்று பேப்பர் கடையிலிருந்து காமிக்ஸ் புத்தகம் வாங்கி வருவார். அதில் எல்லோரும் அப்படித்தானே பேசினார்கள்? வாயருகே வெள்ளைக் குமிழி, குமிழிக்குள் எழுத்து. கோபம் வந்தால் எழுத்து பருத்துவிடும், குமிழிக்கு முள் முளைக்கும். அம்மா திட்டும்போது அந்த முள் எங்கே இருக்கிறதென்று கிளெனிஸ் உற்று உற்றுப் பார்ப்பாள். முறைக்கிறாள் என்று அதற்கும் சேர்த்துத் திட்டு விழும்.

காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் கையால் பேசக் கூடாது; பிள்ளைகள் அதை மைதானத்தில் ஒளிந்து பழகிக்கொண்டார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், தொண்டையிலிருந்து குரலை எடுக்க வேண்டும். அவள் குரல் எப்படி இருந்ததோ அவளுக்குத் தெரியாது. கடையில் ரொட்டி கேட்டபோது வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வெளியாட்கள் முன் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள்.

வீட்டில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் பேச்சு பந்து மாதிரி ஓடும். எல்லோரும் சிரிப்பார்கள். என்ன என்று கிளெனிஸ் அண்ணன் டேலின் கையைத் தட்டுவாள். "அப்புறம் சொல்றேன்" என்பான். உலகத்தில் எந்த உதட்டில் வந்தாலும் பிழையில்லாமல் அவளால் படிக்க முடிந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் 'தூரத்து நிலையம்' என்று ஒரு விண்வெளித் தொடர் வந்துகொண்டிருந்தது. அதற்காக அவள் உயிரையே விடுவாள். ஏதோ ஒரு கிரகத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையம், வெள்ளிச் சட்டை போட்ட பொறியாளர் பெண் ஒருத்தி, அடர்ந்த புருவத்தோடு ஒரு கிழட்டு டாக்டர். திரையில் ஐந்து நிமிடம் ஆவேசமாகப் பேசிக்கொள்வார்கள். கிளெனிஸ் டேலைப் பார்ப்பாள். "சண்டை போடுறாங்க" என்பான் டேல். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைக்கும் வசனம். மிச்சக் கதையை அவளே கட்டிக்கொண்டாள். வெள்ளிச் சட்டைக்காரிக்குத் தளபதி மேல் காதல். டாக்டர் எதிரியின் உளவாளி. புருவத்தைப் பார்த்தாலே தெரிகிறதே.

வளர்ந்தபின் கார் தொழிற்சாலையில் இருக்கை உறை தைக்கும் வேலை கிடைத்தது. மெஷினின் அதிர்வு பாதம் வழியாக ஏறும்; அதை வைத்தே ஊசி மழுங்கியதைச் சொல்லிவிடுவாள். சாப்பாட்டு இடைவேளையில் மற்ற பெண்கள் ஞாயிறு கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச, அவள் காமிக்ஸைப் பிரித்துக்கொள்வாள். ஹிண்ட்லி தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் காலின் என்பவர் காமிக்ஸ் கடை வைத்திருந்தார். தாடிக்காரர், பெரிய உடம்பு. அவரோடு அவள் பேச்சு முழுக்கக் காகிதத்தில்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் காகிதப் பையின் மேல் எழுதிக் கொடுத்தார்: பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது, சனிக்கிழமை மதியம் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் படம் போடுகிறார்கள், பேச்சு ஜப்பானிய மொழி, கீழே ஆங்கில எழுத்து ஓடும், போய்ப் பார்.

போனாள். படிக்கட்டு மாதிரி இருக்கைகள் ஏறிப்போகும் பாடக்கூடம். ஐம்பது அறுபது பேர் இருக்கும். மடியில் சிப்ஸ் பொட்டலம், கையில் ஐஸ் காபி. விளக்கு அணைந்தது. விண்கப்பலில் சமையல்காரனாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பூனையின் கதை ஓடியது. தளபதி வந்து, சூப்பில் கிடக்கும் இந்த முடி யாருடையது என்று கேட்கிறார். கப்பலிலேயே உடம்பெல்லாம் முடி இருப்பது பூனைக்கு மட்டும்தான். பூனை யோசித்து, "விசாரணைக் கமிஷன் வைப்போம் ஐயா" என்கிறது.

கிளெனிஸ் சிரித்தாள். சிரித்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவன் தோள் குலுங்குவதைப் பார்த்தாள். முன் வரிசை முழுக்கக் குலுங்கிக்கொண்டிருந்தது. திரும்பினாள்; பின்னால் இருந்த முகங்களெல்லாம் திரை வெளிச்சத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. யாரையும் தட்டிக் கேட்காமல், யாருக்கும் பின்னால் வராமல், ஒரு கூட்டத்தோடு கூட்டமாக அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசையில் இருந்த இரண்டு ஜப்பான் மாணவர்களைத் தவிர அங்கே யாருக்கும் அந்த மொழி தெரியாது. அத்தனை பேரும் அவளைப் போலவே படித்துத்தான் ஆகவேண்டும். ஜப்பான்காரர்கள் ஜப்பானிய மொழியில் பேசியதற்கு அன்று அவள் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பூனைக்கா அழுகிறாய் என்பதுபோலப் பக்கத்தில் இருந்தவன் பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமை நுழைவாயிலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள் லியென் ஹுயின். மருந்தாளர் படிப்புப் படிக்கும் வியட்நாம் வீட்டுப் பெண். கிளெனிஸைவிட ஐந்தாறு வயது சின்னவள், வாய் மட்டும் பத்து வயது பெரியது. கிளெனிஸ் காதைத் தொட்டுக் கையை ஆட்டியதும், சரி என்று பேனாவை நீட்டினாள். ஒரு மாதம் காகிதத்தில் பேசினார்கள். லியெனுக்குப் பொறுமை போய்விட்டது. எழுதி எழுதிக் கை வலிக்கிறது, உன் பாஷையைச் சொல்லிக் கொடு என்றாள். மூன்று மாதத்தில் கையால் திட்டக் கற்றுக்கொண்டாள். இலக்கணம் அதற்கப்புறம்தான் வந்தது.

கிளெனிஸ் அந்தக் கூட்டத்துக்குள் அப்படியே கரைந்துபோனாள். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இருக்கைத் துணியைக் கேட்டு வாங்கி வந்து, அனிமேயில் இராட்சத இயந்திரம் ஓட்டும் வீரர்கள் போடுகிற கவசம் தைத்தாள். வருடாந்தர ரசிகர் விழாவில் அவள் தைத்த உடுப்போடு நாலு பேராவது மேடை ஏறினார்கள். தன் அளவுக்கு ஒரு வெள்ளிச் சட்டையும் தைத்து வைத்திருந்தாள். அது எந்தத் தொடர் என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் சிறு பிள்ளைகள்.

மூன்றாம் வருடம் கூட்டம் பெருகியது. புதிதாக வந்தவர்களில் சிலருக்குப் படித்துக்கொண்டே பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரு சனிக்கிழமை விளக்கு அணைந்து படம் ஓடியபோது கீழே எழுத்து வரவில்லை. எந்திரக் கோளாறோ என்று கிளெனிஸ் காத்திருந்தாள். வரவே இல்லை. ஆங்கிலத்தில் டப்பிங் செய்த வீடியோ நாடா. திரையில் வாய்கள் திறந்து திறந்து மூடின. கார்ட்டூன் உதட்டைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை.

அவள் எழுந்து போகவில்லை. வீட்டு மேஜையில் பழகிய பழக்கம் கைகொடுத்தது. மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தாள், அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தபோது நிமிர்ந்தாள். விளக்கு எரிந்ததும், நன்றாக இருந்தது என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

லியென் அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ சிரிச்சது பொய்." கை வேகமாக ஓடியது. "எல்லாரும் சிரிச்சு முடிக்கிறப்ப நீ ஆரம்பிச்சே. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பழக்கம்தான். ஒண்ணுமில்ல, விடு."

"என்ன விடு? ஏன் கையைத் தூக்கலை? படத்தை நிறுத்துங்கடா, எனக்கு எழுத்து வேணும்னு ஏன் சொல்லலை?"

"ஒருத்திக்காக அறுபது பேரு..."

"அறுபது பேருக்காக நீ மூணு வருஷமா தைச்சுக் கொடுக்கல?"

லியென் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் கிளெனிஸுக்கு முகம் எரிந்தது. அவள் சிரிப்பு பொய் என்று பிறந்ததிலிருந்து யாரும் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடிக்கிற அளவுக்கு யாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் இல்லை. பேருந்து துறைமுகப் பாலத்தைத் தாண்டும்போது அந்த எரிச்சல் வேறு ஏதோவாக மாறியிருந்தது.

அடுத்த வாரம் படத்துக்கு முன்னால், யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவன் டேமியன் கேட்டான். கிளெனிஸ் எழுந்தாள். லியென் மொழிபெயர்க்கக் கையைத் தூக்கினாள். கிளெனிஸ் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, பல வருடமாக வெளியே எடுக்காத குரலை எடுத்தாள்.

"எனக்கு எழுத்து வேணும்."

டேமியன் காது வரை சிவந்துபோனான். அவள் நன்றாக உதடு படிப்பாள், எப்படியோ சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தோம் என்றான். இந்தத் தொடருக்கு டப்பிங் நாடாதான் கிடைத்தது என்றும் சொன்னான். கிடைக்காவிட்டால் நாமே போடுவோம் என்று பின் வரிசையிலிருந்து யாரோ சொல்ல, இன்னொருவன் தன்னிடம் அதற்கான கணினி இருப்பதாகச் சொன்னான்.

அந்த வேலை கிளெனிஸ் கைக்கே வந்து சேர்ந்தது. வசனத்தைக் காதால் கேட்டு லியென் எழுதுவாள். எந்த வரி எப்போது தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். லியென் மேஜையில் விரலால் தட்டுவாள். மரத்தில் ஏறி வரும் அந்தத் தட்டல் உள்ளங்கையில் பட்டதும் கிளெனிஸ் பொத்தானை அழுத்துவாள். அவள் அழுத்திய கணத்தில் அறுபது பேர் சிரித்தார்கள். அந்தப் பெருமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, லியெனிடம் மட்டும் சொன்னாள். லியென், "பார்த்தியா, இப்ப நீ சிரிக்கச் சொன்னாத்தான் அவங்க சிரிக்கணும்" என்றாள்.

இந்த நேரத்தில்தான் காலின் கடையில் ஒரு பெட்டி நிறையப் பழைய நாடாக்கள் வந்து இறங்கின. 'தூரத்து நிலையம்', முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதி வரை. ஆங்கிலத் தொடர், எழுத்து கிடையாது. லியெனுக்குத் தேர்வு நேரம். வேறு வழியில்லாமல் அண்ணனிடம் போய் நின்றாள்.

டேல் அப்போது கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். தட்டச்சு என்றால் இரண்டு விரல். மறுப்பான் என்றுதான் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு ஞாயிறாக அம்மாவின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, நாடாவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வசனமாகத் தட்டினான். அம்மா இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பண்டத்தைச் சூடாக்கி வைத்துவிட்டு, அந்தச் சொல் அதுவல்ல, இது என்று திருத்துவார். கால்பந்தாட்டத்தைக்கூட விட்டுவிட்டு மகன் உட்கார்ந்திருப்பதை அவரால் நம்ப முடியவில்லை.

கிளெனிஸ் படித்தாள். படிக்கப் படிக்க அவள் கட்டிய கோட்டையெல்லாம் சரிந்தது. வெள்ளிச் சட்டைக்காரிக்குத் தளபதியைக் கண்டாலே ஆகாது. அத்தனை நாளும் அவர்கள் பார்வையால் பேசிக்கொண்டது குடிநீர்ப் பங்கீட்டைப் பற்றி. டாக்டர் உளவாளி இல்லை. அந்த நிலையத்திலேயே நல்ல மனிதர் அவர் ஒருவர்தான்.

"அப்ப அந்தப் புருவம்?" என்று கேட்டாள்.

டேல் தோளைக் குலுக்கினான். "அவர் புருவம் அப்படி. அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?"

அவள் தன் கதையைச் சொன்னாள், கொஞ்சம் கையால், கொஞ்சம் குரலால். காதல், உளவு, கடைசியில் எல்லோரும் வீடு திரும்புவது. டேல் கேட்டு முடித்துவிட்டு, இவர்கள் எடுத்ததைவிட இது எவ்வளவோ தேவலை என்றான். பிறகு கணினியின் மேல் இருந்த விரலை எடுத்துவிட்டு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான், உதடு தெரியும்படி.

"ஒண்ணு சொல்லட்டுமா கிளென்? அப்ப எனக்கும் ஒரு மண்ணும் புரியல. ஒன்பது வயசு. பங்கீடு, ஒப்பந்தம்னு பேசுவானுங்க. நீ கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம 'சண்டை போடுறாங்க'ன்னேன்."

கிளெனிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை புதன்கிழமைகள், எதையோ மறைக்கிறான் என்று அவனை மனதுக்குள் வைதிருக்கிறாள். "போடா," என்று மேஜையைத் தட்டிச் சிரித்தாள். அம்மா என்னவென்று கேட்டார். டேல் உடனே சொன்னான், அம்மாவும் சேர்ந்துகொண்டார். தேநீர் ஆறிப்போகும்வரை மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு காலம் ஓடியது. அப்பா போனார், அம்மாவும் போனார். கார் தொழிற்சாலை மூடப்பட்டது. கிளெனிஸ் வீட்டில் மெஷின் போட்டு, சுற்றுலா வண்டிகளுக்கு இருக்கை உறையும் ரசிகர் விழாவுக்கு உடுப்பும் தைக்கிறாள். லியென் சாலிஸ்பரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். சனிக்கிழமைக் கூட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து நூலக மாடிக்கு மாறியது. டேமியன் தலை வழுக்கையாகி, இன்னும் தலைவனாகவே இருக்கிறான்.

இப்போதெல்லாம் அங்கே காது கேளாத இளவட்டங்கள் ஆறேழு பேர் வருகிறார்கள். பிறந்ததிலிருந்து எழுத்தோடு தொலைக்காட்சி பார்த்தவர்கள். போன மாதம் ஒரு படம் முடிந்ததும் அவர்கள் கிளெனிஸைச் சூழ்ந்துகொண்டு ஒரே புகார்: எழுத்து அரை நொடி பிந்துகிறது, ஒரு பெயரில் பிழை, மஞ்சள் நிறம் கண்ணை உறுத்துகிறது. லியெனுக்கு வந்ததே கோபம். இவர்களுக்கு என்ன தெரியும், நாம் எப்படியெல்லாம் மேஜையைத் தட்டிச் செய்தோம், ஒரு நன்றி உண்டா என்று கையை வீசினாள்.

கிளெனிஸ் அவள் கையைப் பிடித்து அடக்கினாள்.

"திட்டட்டும் விடு. தன்னோடதுன்னு நினைக்கிறவன்தான் குறை சொல்வான். எனக்கு அந்த வயசுல குறை சொல்லத் தோணவே இல்லையே."

"அப்ப நன்றி?"

"அதை நான் சொல்லிக்கிறேன். நான் நன்றி சொல்ல வேண்டியவங்கதான் நிறையப் பேர் பாக்கி இருக்காங்க."

பிறகு அந்தப் பிழையான பெயர் எது என்று இளவட்டங்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். மஞ்சள் நிறத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வாக்குவாதம் படியிறங்கும்வரை நடந்தது. கீழே சிப்ஸ் கடையில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஜன்னலோர மேஜைகள் இரண்டை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் கையால் பேச, உப்பு டப்பாவை வைக்க மேஜையில் இடமில்லாமல் போயிற்று.