மாமா கொடுக்காத ரத்தம்

1965-ஆம் ஆண்டு. சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்திருந்த நேரம். மலேசியா என்று ஒரு நாடு உருவானதே பிடிக்காமல் இந்தோனேசியா மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. ‘கொன்ஃப்ரண்டாசி’ என்று, அதாவது மோதல் என்று, ரேடியோவில் தினமும் சொல்வார்கள். அங்கிருந்து ஆட்கள் படகேறி வந்து இங்கே குண்டு வைத்துவிட்டுப் போவார்கள். எங்கே எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில், ஒரு கோப்பிக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். நான், என் கணவர், பால்குடி மறக்காத என் மகன், அம்மா, தங்கை. அப்பா காலமாகிவிட்டதால் எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர் அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமா. அவர் வீடு அடுத்த தெருவில். ஆனால் சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்குக் கீழே கோப்பிக் கடையில்தான் இருப்பார். அங்கே அவர் போடாத சண்டை கிடையாது. “நம்மகிட்ட கப்பல் இருந்தா நாளைக்கே ஜகார்த்தாவுக்குப் போயிடலாம் லா! ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்” என்று மேசையைத் தட்டுவார். மேல்மாடியில் என் பிள்ளை திடுக்கிட்டு அழுவான்.

தங்கை டோபி காட் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒரு நாள் பிற்பகல் பக்கத்துக் கட்டடத்தில் குண்டு வெடித்தது. இவள் உட்கார்ந்திருந்த இடத்து ஜன்னலின் கண்ணாடி முழுவதும் உடைந்து இவள் மேல் வந்து விழுந்தது. தொடையிலும் தோளிலும் ஆழமான வெட்டு. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அந்த அலுவலகத்தின் டிரைவர்தான் அவளைத் தூக்கி வந்து, முதலாளியின் காரிலேயே போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எங்களுக்குத் தகவல் வந்து நான் ஓடிப் போனபோது அவர் நடைவழியில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க என் தங்கையின் ரத்தம்.

அந்த டிரைவர் போயான்காரர். இந்தோனேசியாவின் ஒரு சின்னத் தீவிலிருந்து அவர் தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் நடந்த காலத்தில் குதிரை பார்த்துக்கொள்ள வந்தவராம் அந்தத் தாத்தா. இவர் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் செய்தது எல்லாம் எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில். தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர், அதனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

மறுநாள் காலையில் தங்கைக்கு இரண்டாவது முறை ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. தாதி வெளியே வந்து, அடிபட்டவர்கள் நிறையப் பேர், ரத்தம் போதவில்லை, ஓ வகை ரத்தம் உள்ள உறவுக்காரர்கள் யாராவது கொடுங்கள், சீக்கிரம் என்றாள். என் கணவர் முதல் நாளே கொடுத்துவிட்டார். நான் கையை நீட்டினேன். பால் கொடுக்கிற பெண், உடம்பில் ரத்தமே குறைவு, வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. சரி, மாமா இருக்கிறார், அவர் மகன்கள் இருக்கிறார்கள், சித்தப்பா இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அப்போது பார்க்க வேண்டும் அந்தக் கூத்தை! அதுவரை நடைவழியில் நின்று இந்தோனேசியாவைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு நொடியில் உலகத்து வியாதியெல்லாம் வந்துவிட்டது. மாமாவுக்குச் சர்க்கரை இருக்குமோ என்று சந்தேகம். சந்தேகம்தான், எந்த டாக்டரும் சொல்லவில்லை. மூத்த மகன் பங்குனி உத்திரத்துக்கு விரதம். இளையவன் கோப்பி குடிக்கப் போனவன் வரவே இல்லை. சித்தப்பா என் காதருகே வந்து, ரத்தம் கொடுத்தால் ஆம்பிளைக்குப் பலம் போய்விடுமாம் என்றார். எனக்கு உச்சந்தலை வரை சுட்டது.

அதே நடைவழியில் முன்பின் தெரியாதவர்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஒரு சீனக் கிழவி, ஒரு சீக்கியக் காவலாளி, காலேஜ் பையன்கள், ஆபீஸ் போகிற வழியில் இறங்கி வந்தவர்கள். யார் பெயரும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இன்றும் மனதுக்குள் கைகூப்புகிறேன். அந்த வரிசையில்தான் டிரைவரும் நின்றார். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். “அக்கா, எனக்கு ஓ தான். முன்னாடியே குடுத்திருக்கேன். கவலைப்படாதீங்க” என்றார்.

மாமா பார்த்துவிட்டார். “இவனா? இவன் இந்தோன்காரன்லா! இவன் ஆளுங்க குண்டு வெப்பானுங்க, இவன் ரத்தம் குடுப்பானா?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். வரிசையில் சலசலப்பு. மலாயிலும் சீனத்திலும் அது பரவியது. ஒருவன் வந்து டிரைவரின் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் காறித் துப்பினான். அதுவரை நல்ல மனதோடு நின்ற கூட்டம்தான், கண்ணெதிரே வேறு கூட்டமாக மாறியது. யாரோ பிடித்துத் தள்ள, அவர் சுவரில் மோதி, படியிறங்கிப் போய்விட்டார்.

தாதி மறுபடியும் கதவைத் திறந்தாள். “ஓ வகை இருக்கா, இல்லையா?” என்றாள். வரிசையில் மிச்சம் நின்றவர்களுக்கெல்லாம் வேறு வகை. மாமா கூரையைப் பார்த்தார்.

நான் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. வெளி கேட் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். வாங்க என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எதுக்கு வரணும்?” என்றார். “நேத்து ராத்திரி என் வீட்டு மேலயும் கல்லு விழுந்துச்சு. என் பொண்டாட்டி மாசமா இருக்கா. ஜகார்த்தாவுல உக்காந்திருக்கிறவன் என்னைக் கேட்டா குண்டு அனுப்புறான்? நான் அந்த ஊரைக் கண்ணால பாத்தது கெடையாது. உங்க மாமா வயசுல பெரியவரு, அதனால கையை ஓங்கல.”

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் அழுதுகொண்டே, “என் மாமாவுக்காகக் கூப்பிடல. அவரை என்ன வேணா திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். உள்ள இருக்கிறவ செத்துடுவா” என்றேன். பஸ் வந்தது. கதவு திறந்தது. அவர் ஒரு காலைப் படியில் வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். “வரேன். ஆனா உங்க மாமா முன்னாடிதான் குடுப்பேன். அவரு பாக்கணும்” என்றார்.

இருவரும் உள்ளே போனோம். மாமா குறுக்கே வந்து நின்றார். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஃபேரர் பார்க்கிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், கண்ட ரத்தமும் ஏறியது தெரிந்தால் நம் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டார். பெற்றவள் பக்கத்தில் நிற்கிறாள். பெண் உள்ளே சாகக் கிடக்கிறாள். இந்த மனிதருக்குக் கல்யாணக் கவலை!

“செத்தா யாரு கட்டிக்குவா மாமா?” என்று கேட்டேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரைப் பார்த்து அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. கூட்டத்தையும் விடவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், இவர்தான் என் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், இனி இவர் மேல் எவனாவது கை வைத்தால் என் கை பேசும் என்றேன். சட்டையைப் பிடித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். சீனக் கிழவி டிரைவரின் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மாமாவைத் தேடினேன். ஆள் இல்லை. டிரைவர் அவருக்காகக் காத்திருக்காமல் உள்ளே போய்க் கையை நீட்டினார். ஒரு மனிதன் ரத்தம் கொடுப்பதை நின்று பார்க்கக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை.

தங்கை பிழைத்தாள். இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை லேசாக இழுத்து நடந்தபடி வேலைக்குப் போனாள். ஃபேரர் பார்க் குடும்பமும் மனம் மாறவில்லை, கல்யாணத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கினார்கள். இதோடு கதை முடிந்திருந்தால் என் கோபமும் ஆறியிருக்கும்.

வேலைக்குப் போன முதல் வாரமே மேனேஜர் அவளிடம் ஒரு கடிதம் டைப் அடிக்கக் கொடுத்தார். டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம். அவர் மேல் புகார் ஒன்றும் கிடையாது. நாட்டு நிலவரம் சரியில்லை, இந்தோனேசிய வம்சாவளி ஆளை முதலாளி காரில் வைத்திருப்பது பாதுகாப்பு இல்லை, அவ்வளவுதான். அவர் ரத்தம் ஓடுகிற கையால் அவர் பிழைப்பைக் கெடுக்கிற கடிதத்தை அடிக்கச் சொன்னார்கள்!

தங்கை அடிக்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போய், இந்தக் காரில்தான் என் உயிர் வந்தது, ஓட்டினவர் இவர்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் சிரித்தபடியே, “இட்ஸ் நத்திங் பெர்சனல்” என்றாராம். அவள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு வந்துவிட்டாள். பக்கத்து மேசைப் பெண் அதை அடித்துக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் டிரைவர் வெளியே. நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். பிறந்து சில நாளே ஆன குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “நீங்க ஏன் வேலைய விட்டீங்க தங்கச்சி, ரெண்டு பேருக்கும் நஷ்டமாச்சே” என்று அவளைத்தான் கடிந்துகொண்டார். பிறகு மூட்டை தூக்கினார், லொறி ஓட்டினார், கொஞ்ச காலத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார்கள்.

மறு வருஷம் தங்கை கல்யாணம். விசாரித்துப் பார்த்தோம், டிரைவர் இருக்கும் இடம் தெரியவில்லை. பந்தியில் மாமா மாப்பிள்ளை வீட்டாரிடம், “அப்ப நாங்க குடும்பமே வரிசைல நின்னு ரத்தம் குடுத்தோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாம்பார் வாளியோடு அங்கேயே நின்று, இவர் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை, கொடுத்தவரை அடித்து விரட்டப் பார்த்தவர் இவர் என்று நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். எல்லாரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும், அந்த டிரைவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். மாமா அதோடு சாகும் வரை என்னோடு பேசவில்லை. போகட்டும்.

அந்த வருஷமே அரசாங்கங்கள் சமாதானமாகிவிட்டன. பெரிய மனிதர்கள் கைகுலுக்கிச் சிரித்த படத்தைப் பேப்பரில் பார்த்தேன். மறுபடியும் கப்பல் போனது, வியாபாரம் நடந்தது, மாமாவே அங்கிருந்து வந்த பாத்தேக் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக் கார் சாவியைத் திருப்பிக் கொடுக்க மட்டும் அந்த டிரைவரை அலுவலகத்திலிருந்து யாரும் தேடவில்லை.

இன்றைக்கும் உலகத்தில் எங்காவது குண்டு வெடித்தால், என் பேரன் வயதுப் பிள்ளைகள்கூட, “எந்த ஊர்க்காரன், என்ன ஜாதி, அந்த ஆளுங்க எல்லாரையும் நாட்டை விட்டுத் துரத்தணும்” என்று என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கத்துகிறார்கள். நான் அவர்களோடு வாதம் செய்வதில்லை. அடிபட்டவங்களுக்கு ரத்தம் கொடுத்துட்டு வந்தாச்சா என்று மட்டும் கேட்பேன், அதோடு வீடு அமைதியாகிவிடும், என் கோபம்தான் அடங்காது.