கழுவும் அறை அக்கா

நான் "அக்கா!" என்று கத்தியதும் அவர் திரும்பிப் பார்த்தார். என் பக்கம் அல்ல. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி வந்துகொண்டிருந்த பக்கமும் அல்ல. யாருமே இல்லாத சுவரின் பக்கம். பின்னோக்கி வந்த அந்த வண்டி இடைவிடாமல் கூவிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த அட்டைப்பெட்டி ஒன்று நசுங்கியது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுக்க, இருவரும் சிமெண்டுத் தரையில் விழுந்தோம். வண்டிக்காரர் குதித்திறங்கி, "ஆன்டி, காது கேக்கலயா?" என்று கத்தினார். அக்கா என்னைப் பார்த்து, "என்னா லா சொல்றாரு?" என்று கேட்டார்.

ஷா ஆலமில், நொறுக்குத்தீனிப் பைகளில் படமும் எழுத்தும் அச்சடிக்கும் தொழிற்சாலை அது. அச்சு உருளைகளிலும் தட்டுகளிலும் ஒட்டிய மையை, தின்னர் என்ற கரைப்பானை ஊற்றித் துடைத்துக் கழுவுவது எங்கள் வேலை. அக்கா பதினொரு ஆண்டுகளாக அந்த அறையில் இருந்தார்; நான் நான்கு ஆண்டுகள். இயந்திரக் கூடத்தில் காது கிழியும் சத்தம் என்பதால் அங்கே இருப்பவர்களுக்குக் காதடைப்பான் கொடுப்பார்கள், ஆண்டுக்கு ஒருமுறை காதுப் பரிசோதனையும் நடக்கும். எங்களுக்கு இரண்டும் இல்லை. கதவைச் சாத்திவிட்டால் எங்கள் அறை அவ்வளவு அமைதி. இயந்திரக் கூடத்துப் பெண்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். மதியத்துக்குள் தலை கனக்கும், அவ்வளவுதான். தித்திப்பான அந்த வாடையைத் துணி முகமூடி தடுத்துவிடும் என்று நம்பினோம்.

கம்பெனி வேனில் கிள்ளானிலிருந்து வருபவர் அக்கா. கடைசி இருக்கையில் அமர்ந்துகொண்டு, முன்னிருக்கையில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்டுப் பதில் சொல்லி வேனையே சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பு எப்போது குறைந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டதற்கு வேறு பதில் சொன்னார். பிறகு பதிலே சொல்லவில்லை. அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று சூப்பர்வைசர் இருமுறை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பக்கத்து கிளினிக்கில் காது அழுக்கை எடுத்துவிட்டு, வயதாகிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

ஒருநாள் உருளையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "சத்தம் கேக்குது லா. பேச்சுதான் ஒடஞ்சி ஒடஞ்சி வருது. ஆறு பேரு சேந்து பேசுனா, ஒரு வார்த்த புரிய மாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்லிடாத, வேலய விட்டு நிப்பாட்டிடுவாங்க." நான் யாரிடமும் சொல்லவில்லை. அது விசுவாசம் என்று நினைத்தேன். அந்த வண்டி இன்னும் ஓரடி வந்திருந்தால் அந்த விசுவாசத்தை நான் எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன்?

வண்டி இடிக்க வந்ததற்கு மறுநாளே அவரைக் கிள்ளானில் காது மருத்துவரிடம் அழைத்துப்போனேன். நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. வேலை இடத்தில் சத்தம் அதிகமா என்று கேட்டார். "இல்ல டாக்டர், எங்க ரூம்ல சத்தமே இல்ல" என்றேன், பெருமையாக. அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்ப என்னா வாடை அடிக்கும்?"

காது பார்க்க வந்த இடத்தில் மூக்கைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தின்னர் என்றேன். எத்தனை ஆண்டு, சன்னல் உண்டா, முகமூடி எப்படிப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த ஆவி மூக்கு வழியா ரத்தத்துல கலந்து, உள்காதயும் அங்கேருந்து மூளைக்குப் போற நரம்பயும் கெடுக்கலாம். எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா சத்தம் இல்லாட்டியும் வரலாம். கெட்டது பெரும்பாலும் திரும்பாது, இனிமே கெடாம பாத்துக்கலாம்." அக்காவுக்காக அதைத் தாளில் எழுதிக் காட்டினேன். 'திரும்பாது' என்ற சொல்லை எழுத முடியாமல் நின்றேன். அப்போது மருத்துவர் என்னைப் பார்த்தார். "நீங்களும் அதே ரூம்தானா அக்கா? நீங்களும் டெஸ்ட் எடுத்துருங்க."

அந்த மருத்துவர் கொடுத்த கடிதத்துக்குப் பிறகு அரசாங்க அதிகாரிகள் தொழிற்சாலைக்கு வந்து பார்த்தார்கள். ஆவியை இழுத்து வெளியேற்றும் விசிறி வந்தது, வாளிகளுக்கு மூடி வந்தது, ஒழுங்கான முகமூடி வந்தது. அக்காவைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் அவரே வேலையை விட்டு நின்றுவிட்டார். அவருக்குப் பொருத்திய செவிக்கருவி சத்தத்தைப் பெரிதாக்கியது, சொற்களைத் தெளிவாக்கவில்லை. நானும் விலகி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். தின்னர் வாடை போய்விட்டது, பயம் போகவில்லை. ரயில் நிலைய அறிவிப்பில் ஒரு சொல் தப்பினாலும், பக்கத்தில் நிற்பவருக்கு அது கேட்டதா என்று விசாரிக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டதை மறுபடி கேட்க நேர்ந்தால், சாலை இரைச்சலா என் காதா என்று அன்று முழுவதும் யோசிக்கிறேன். பரிசோதனைக்கு இருமுறை தேதி வாங்கி, இருமுறையும் போகவில்லை. போகாதவரை என் காது நல்ல காதுதானே.

சென்ற மாதம் கிள்ளானில் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, "டெஸ்ட் எடுத்தியா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன்கா. ஒன்னும் இல்லையாம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பல்லாம் நான் வாயப் பாத்துத்தான் பேச்சு புரிஞ்சிக்கிறேன். ஒன் வாயி பொய் சொல்லுது லா."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரே என்னைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அதற்கே கண் கலங்கியது. தனியறைக்குள் உட்கார வைத்து, காதுகளை மூடும் ஒலிக்கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், ஒலி கேட்டவுடன் அழுத்த வேண்டும். கனத்த கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பரிசோதனை செய்யும் பெண் ஏதோ ஒரு விசையைத் திருகினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி திருகினாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பொத்தானை நான் இன்னும் ஒருமுறைகூட அழுத்தவில்லை.