மஞ்சி கம்பு வாசனை

மடைப்பள்ளிச் சேஷகிரி முப்பத்துநான்கு வருஷமாகத் திருத்தணி மலைமேல் பொங்கலும் புளியோதரையும் கிளறுகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு பருக்கையைக்கூட அவர் முன்கூட்டி வாயில் போட்டுப் பார்த்ததில்லை. சாமிக்குக் காட்டும் முன் சமைத்தவன் ருசி பார்த்தால் அது எச்சில். ஆகவே உப்பு போதுமா, புளி தூக்கலா என்ற வழக்கெல்லாம் அவருக்கு மூக்கிலேயே விசாரித்து மூக்கிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு நாள் மலைமேல் வேஷ்டி உலர்த்திக்கொண்டிருந்தவர் திடீரென்று மூக்கை நிமிர்த்தினார். “அடடா, சாம்பார்ல உப்பே இல்லையே” என்று சொல்லிவிட்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் இறங்கி ஓடி, அடிவாரத்துக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் இலையில் விழவிருந்த கரண்டியைப் பாதி வழியில் பிடித்து நிறுத்தினார். இருநூறு படி வரைக்கும் இந்தக் கதைக்கு நான் ஜவாப்தாரி. மீதி நூற்று அறுபத்தைந்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்பேர்ப்பட்ட மூக்குக்கு ஒரே மகள், ஸ்னேகா. பயோடெக்னாலஜி படித்துவிட்டு பெங்களூரில் பீர் காய்ச்சுகிறாள். அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அம்மா அபிராமசுந்தரியிடம் ‘கஷாயக் கம்பெனி’ என்றாள். அதைப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. தானியத்தைக் கொதிக்க வைத்து, ஹாப்ஸ் என்கிற கொடிப்பூவைப் போட்டுக் கசப்பேற்றி, வடிகட்டி எடுக்கிற சமாசாரம்தானே? நடுவில் புளிக்கிற கட்டத்தை மட்டும் அம்மாவுக்குச் சொல்லாமல் தாண்டிவிட்டாள்.

போன வருஷம் ஸ்னேகா முதல்முறையாகத் தன் சொந்தப் பக்குவத்தில் ஒரு தொட்டி பீர் காய்ச்சினாள். ஆயிரம் லிட்டர். ஹாப்ஸ் பூ வழக்கத்தைப்போல் மூன்று பங்கு. சாதாரண பீர் இரண்டு பாட்டில் செய்கிற வேலையை இது ஒரே கிளாசில் முடித்துவிடும். பார்லியோடு நம் பக்கத்துத் தானியம் ஒன்றையும் வறுத்துச் சேர்த்திருந்தாள். என்ன தானியம் என்பது அவளுக்கும் முதலாளி கங்காதரனுக்கும் மட்டுமே தெரியும்.

கங்காதரன் மதனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், தமிழ் பேசுவார், எல்லாச் சொல்லும் தெரியாது. எட்டுப் பேரைக் கூப்பிட்டு அந்தப் பீரைக் கொடுத்துப் பார்த்தார். எட்டுப் பேரும் ‘ஸ்ட்ராங், சூப்பர்’ என்றார்கள். தானியம் தெரிகிறதா என்று கேட்டதற்கு எட்டுப் பேரும் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள்.

“யாருக்கும் தெரியாத தானியத்துக்கு நான் எதுக்கும்மா ஒரு தொட்டிய அடைச்சு வைக்கணும்? ஒருத்தராச்சும் கண்டுபிடிக்கட்டும், விக்கலாம். இல்லன்னா தொறந்து விட்டுடு. அப்புறம் நீ பழையபடி பாட்டில் கழுவுற டிபார்ட்மென்டுக்குப் போ” என்றார்.

ஸ்னேகாவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு அப்பாவின் மூக்கும் ஞாபகத்துக்கு வந்தது. சொன்னாள். கங்காதரன் கிருத்திகைக்குக் கிருத்திகை தணிகைக்கு வருகிறவர். அடுத்த கிருத்திகை தரிசனம் முடிந்ததும், பள்ளிப்பட்டு தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தன் மாந்தோப்பில் பரீட்சையை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கிருத்திகை அன்று ஸ்னேகா வந்து சமாசாரத்தைச் சொன்னதும் சேஷகிரி காதைப் பொத்திக்கொண்டார்.

“சிவ சிவா! நானாவது, அந்தக் கண்றாவியையாவது!”

“அப்பா, நீ குடிக்க வேண்டாம்பா. மோந்து பார்த்தா போறும்.”

“மோந்தாலும் தோஷம் தோஷம்தாண்டி.”

“அப்படின்னா முப்பத்துநாலு வருஷமா பொங்கலை மோந்து மோந்து எச்சில் பண்ணித்தான் முருகனுக்குக் காட்டிண்டிருக்கியா?”

சேஷகிரி காதிலிருந்து கையை எடுத்தார். மோந்தால் குடித்த கணக்கு என்று ஒப்புக்கொண்டால், பொங்கலை மோந்ததும் தின்ற கணக்காகிவிடும். முருகன் மானத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை. “மோப்பத்துக்குத் தோஷமில்லை” என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டார்.

அப்பாவும் மகளும் முனியன் ஆட்டோவில் கிளம்பினார்கள். முனியன் பெண் எடுத்தது நகரியில். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழில் கடன் கேட்பான், அந்தப் பக்கம் தெலுங்கில் கேட்பான். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று தெரிந்ததிலிருந்து ஆட்டோ தரையிலேயே ஓடவில்லை.

“சாமி, நீ மோந்துட்டு வச்சிட்டீன்னா, மிச்சத்த இன்னா பண்ணுவாங்க? கீழ ஊத்திடுவாங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

“ரோட்டைப் பாருடா.”

“ரோட்டத்தான் பாத்துகினு கீறேன். மனசு ஒரு மாரி இருக்குது.”

தோப்பு மோட்டார் கொட்டகையில் நாற்காலி போட்டிருந்தார்கள். கங்காதரன் ஸ்னேகாவைத் தனியே நிறுத்தி, தணிகேசன் பேரில் சத்தியம் வாங்கினார். தீர்ப்பு வந்து, அவர் சரி என்று சொல்கிறவரைக்கும் அந்தத் தானியத்தின் பேர் எந்தப் பாஷையிலும் அவள் வாயில் வரக்கூடாது. சத்தியம் செய்தாள். தோப்பின் கடைசி மாமரத்தடிக்கு அனுப்பிவிட்டார்.

பாட்டிலைத் திறந்து கிளாசில் ஊற்றினார். புளி போட்டுத் துலக்கிய செப்புச் சொம்பின் நிறம். மேலே இரண்டு விரற்கடை நுரை. சேஷகிரி கண்ணை மூடிக்கொண்டு, கிளாசை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார். அதற்கு மேல் கிட்டே வர அவர் அனுமதிக்கவில்லை.

“முதல்ல கமலா ஆரஞ்சுத் தோல். பழமில்லை, தோல். நகத்தால கீறினா கண்ணுல தெறிக்குமே, அது” என்றார். “அப்புறம் நார்த்தங்காய். அதுக்கும் கீழே பச்சை மாங்காயைக் காம்போட ஒடிச்சா ஒரு பால் வருமே, அந்த நெடி. கொஞ்சம் சாம்பிராணி. எல்லாம் அந்தப் பூவோட வேலை. கஞ்சத்தனம் பண்ணலை.”

கங்காதரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெங்களூரில் எட்டுப் பேரும் சேர்ந்து இதில் கால்வாசி சொல்லவில்லை.

“சேது எப்படி, அய்யகாரு? அதான், கசப்பு?”

“கசப்பு இருக்குன்னு மூக்கு சொல்றது. எத்தனை நாழி நிக்கும்னு நாக்குதான் சொல்லணும். என் நாக்கு இதுக்கு வராது.”

“என்னுது சும்மாதான கீது” என்று வாசலிலிருந்து ஒரு குரல். முனியன் உள்ளே வந்து, கேட்டுக்கொள்ளாமலே ஒரு கிளாஸ் ஊற்றி ஒரே மூச்சில் கவிழ்த்தான். முகம் ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்தது.

“மொதல்ல ஆரஞ்சு மிட்டாய் கணக்கா வந்து ஏமாத்துது சாமி. அப்பால வேப்பங்கொழுந்து. உள்ள எறங்கியும் தொண்டைலயே குந்திகினு இருக்குது, போவ மாட்டேங்குது. ஆனா நல்லா கீது. இன்னும் கரெக்டா சொல்லணும்னா…” என்று மீதி பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டான்.

கொட்டகையில் இரண்டு பேர்தான் மிச்சம். சேஷகிரி மறுபடி கண்ணை மூடினார். பூவின் வாசனையை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். புளியோதரையில் பெருங்காயத்தை ஒதுக்கி எள்ளைப் பிடிக்கிற வித்தை அது. ஆரஞ்சு போயிற்று, நார்த்தை போயிற்று, சாம்பிராணி போயிற்று. அடியில் சூடாக, மண்சட்டியில் வறுத்த ஏதோ ஒன்று. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது தெருவெல்லாம் வருமே. கம்பு! சந்தேகமே இல்லை, கம்பு!

இங்கேதான் மனிதர் மரியாதையால் கெட்டார். தமிழிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். பெரிய மனுஷர், தூரத்து ஊர்க்காரர், தீர்ப்பை அவர் பாஷையில் சொன்னால் அழகாக இருக்கும் என்று தோன்றிவிட்டது. திருத்தணியில் தெலுங்கு தெரியாதவர் யார்? ஆனால் கம்புக்குத் தெலுங்கில் என்ன பேர் என்பது அந்த நேரம் பார்த்து நெஞ்சில் சிக்கிக்கொண்டது. போகட்டும், தானியம்தானே, எந்தப் பாஷையில் சொன்னால் என்ன என்று தமிழ்ச் சொல்லையே தெலுங்கின் நடுவில் சொருகினார். எழுந்து நின்று, கணீரென்று:

“மஞ்சி கம்பு வாசன வஸ்தா உந்தி!”

நல்ல கம்பு வாசனை வருகிறது என்று அவர் நினைப்பு. தெலுங்கில் கம்பு என்றால் நாற்றம். சாதாரண நாற்றமில்லை, எலி செத்தால் வருகிற ரகம். ‘நல்ல பிண நாற்றம் அடிக்கிறது’ என்று கங்காதரன் காதில் விழுந்தது.

“நிஜமா அய்யகாரு?” என்றார், குரல் கம்மி.

பாராட்டு போதவில்லைபோல என்று சேஷகிரி எண்ணினார். “சால கம்பு! கிளாஸ் நிண்டா கம்பே!” என்று, ரொம்பக் கம்பு, கிளாஸ் நிறையக் கம்பு என்கிற பாவனையில் கையை விரித்துக் காட்டினார்.

கங்காதரன் தம் கிளாசைக் கீழே வைத்தார். தொட்டி கெட்டுவிட்டது. கெட்டதை வைத்திருந்தால் பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவும். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தத் தோப்பில் போன் ஒரு அடி வைத்தால் தமிழ்நாடு, அடுத்த அடியில் ஆந்திரா, மூன்றாவது அடியில் இரண்டும் இல்லை. கையைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் ஏறி இறங்கி, “ஹலோ, ஹலோ” என்று காவடி ஆடினார்.

சேஷகிரி மாமரத்தடிக்குச் சிரித்துக்கொண்டே வந்தார்.

“முடிஞ்சுதுடி குழந்தே! கண்டுபிடிச்சுட்டேன். அவர் பாஷையிலேயே சொன்னேன். மனுஷர் பேச்சடைச்சுப் போய்ட்டார்.”

“என்னன்னுப்பா சொன்னே?”

சொன்னார். முனியன் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தான்.

“யோவ் சாமி! பொணம் நாறுதுன்னு சொல்லிட்டு வந்துகீற! அந்தாளு அங்க தொட்டிய தொறக்கச் சொல்லிகினு இருக்கான்!”

ஸ்னேகா ஓடிப்போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தணிகேசன் பேரில் சத்தியம் செய்தாயிற்று. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு காலை உதைத்தாள்.

“தெலுங்குல கம்புக்கு என்னடா முனியா? சீக்கிரம் சொல்லேன்டா!”

“தோ, தெரியும் சாமி. என் பொண்டாட்டி டெய்லி சொல்லுவா. ச… சொ… கோயிக்குக்கூட போடுவாங்களே…” முனியனுக்கு அந்தச் சொல் இரண்டாவது கிளாசோடு உள்ளே போயிருந்தது.

கோழி என்றதும் சேஷகிரியின் மூக்கு சட்டென்று வடக்கே திரும்பியது. காவல்காரன் குடிசை. அங்கே கோழிகளுக்குத் தானியம் இறைத்திருக்கிறார்கள். தானியம் கம்பு! அறுபது வயசு மனிதர் பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தார். பன்னிரண்டு கோழிகளுக்கு நடுவில் குனிந்து இரண்டு கையாலும் வாரினார். அவர் வரப்பில் ஓட, பன்னிரண்டு கோழிகளும் பின்னால் ஓட, சேவல் ஒன்று அங்கவஸ்திர நுனியைக் கவ்விக்கொண்டு நாலு அடி உயரத்தில் பறந்தே வந்தது. சேவல் பறந்ததை முனியன் சத்தியம் செய்வான். அவனுக்கு அன்றைக்கு இரண்டு சேவல் தெரிந்ததாகவும் சொல்வான்.

கங்காதரனுக்கு அப்போதுதான் லைன் கிடைத்திருந்தது. “ட்யாங்க் மூடு! மூடு!” என்று கத்திக்கொண்டிருந்தார். லைன் அறுந்தது. திரும்பினால் மூக்குக்கு நேரே ஒரு கைப்பிடி தானியம்.

“இதுதான் கம்பு! எங்க ஊர்ல இதுக்குப் பேர் கம்பு! உங்க பீர்ல இருக்கறது இது!” மூச்சு வாங்கியது சேஷகிரிக்கு. இந்தத் தடவை முழுக்கத் தமிழிலேயே பேசினார்.

கங்காதரன் தானியத்தைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார்.

“சஜ்ஜலு! இது சஜ்ஜலு!” என்றார். “சரிதான் அய்யகாரு, சரிதான்! அப்புறம் ஏன் நாத்தம்னு சொன்னீங்க?”

“நல்ல வாசனைன்னுதானே சொன்னேன்!”

கங்காதரன் வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். “ஐயோ, தொட்டி! திறந்துவிடச் சொல்லிட்டேனே!”

ஸ்னேகா வாயிலிருந்து கையை எடுத்தாள். “கம்பு! கம்பு! கம்பு!” என்று அடைத்து வைத்ததையெல்லாம் முதலில் கொட்டிவிட்டு, தன் போனோடு தோப்புக்கு வெளியே ரோட்டுக்கே ஓடிப்போய்ப் பேசினாள். பெங்களூரில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன் பாலமுருகன், அரக்கோணத்துப் பிள்ளை. தெலுங்கு ஒரு அட்சரம் தெரியாது.

“பாலமுருகா! என் தொட்டி? மூணாம் நம்பர்?”

“பயப்படாதீங்க மேடம். ஓனர் போன் பண்ணாரு. வேற ஒண்ணும் கேக்கல. ‘டாங்க் மூடு, மூடு’ன்னு அப்படிக் கத்துனாரு. ஏற்கெனவே மூடித்தான் இருந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு ஸ்பேனர் போட்டு இன்னும் இறுக்கிட்டேன்.”

தெலுங்கில் மூடு என்றால் மூன்று. மூன்றாம் தொட்டியைத் திற என்று முதலாளி பதற்றத்தில் தெலுங்கில் சொன்னது, பாதி வழியில் அறுந்து, தமிழாகி, தொட்டியை இறுக்கிவிட்டது. எல்லைக் கோட்டில் ஒரு சொல் கெடுத்ததை இன்னொரு சொல் காப்பாற்றியது. சேஷகிரி மலை இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டார். மோப்பத்துக்குத் தோஷமில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

திரும்பும்போது ஆட்டோவை ஸ்னேகா ஓட்டினாள். முனியன் பின்சீட்டில் சேஷகிரியின் தோளில் சாய்ந்துகொண்டு, “சஜ்ஜலு! சாமி, ஞாபகம் வந்திருச்சு, சஜ்ஜலு!” என்று திருத்தணி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

பீருக்குக் கங்காதரன் வைத்த பேர் ‘மஞ்சி கம்பு’. பெங்களூரில் தெலுங்குக்காரர்கள் பலகையைப் பார்த்து, நல்ல நாற்றமாமே, அதையும்தான் பார்ப்போம் என்று உள்ளே நுழைகிறார்கள். தமிழர்கள் கம்பு உடம்புக்கு நல்லது என்று நுழைகிறார்கள். வெளியே வரும்போது இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. இப்போது ஸ்னேகாவுக்கு ஐந்து தொட்டி.

பலகையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அபிராமசுந்தரி அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். “எங்க ஸ்னேகா கண்டுபிடிச்ச கஷாயம். கம்புல பண்ணினது. இவர்தான் பக்குவம் பார்த்துச் சொன்னாராம்.” நகரியிலிருந்து புடவைக் கட்டோடு விற்க வந்த தெலுங்குக்காரி தனம்மா படத்தைப் பார்த்தாள். பேரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, புடவைக் கட்டின்மேல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அபிராமசுந்தரி போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். “உடம்புக்கு நல்லதுன்னா இந்தக் காலத்துல எல்லாருக்கும் இளப்பம்” என்று பொருமினாள். “என்னவாம் அவளுக்கு, அப்படி என்ன நாத்தத்தைக் கண்டுட்டாளாம்? ஏன்னா, அடுத்த தடவை வரச்சே எனக்கு ஒரு பாட்டில் கொண்டு வரச் சொல்லுங்கோ. முட்டி வலிக்குக் குடிச்சுப் பார்க்கறேன்.”

சேஷகிரி மூக்கை ஒரு முறை அங்கவஸ்திரத்தால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, மடைப்பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று மலையேறப் புறப்பட்டார்.